ஒன்றரை மில்லிமீட்டருக்குள்

கண்ணைப் பாடியவர்கள் பெரும்பாலும் முன்புறத்துக் கருமணியோடு நின்றுவிட்டார்கள். படைத்தவன் தன் நுட்பத்தையெல்லாம் பின்சுவரில் அல்லவா வைத்திருக்கிறான்! 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கண்நோக்கியை வெளியிட்ட பிறகே உயிருள்ள விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகக் கண்டார்கள். சொட்டு மருந்தில் கண்பாப்பா விரிந்ததும் உள்ளே பாருங்கள்: செம்மஞ்சள் திரை, மூக்குப் பக்கமாகச் சற்றே வெளிறிய ஒரு வட்டம். அதன் குறுக்களவு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஏறத்தாழ 10 கோடி ஒளியுணர் செல்கள் வாங்கிய காட்சி, 10 லட்சம் நரம்பிழைகளாகச் சுருங்கி, இந்த வட்டத்தின் வழியேதான் மூளைக்குப் புறப்படுகிறது.

அந்த இழைகள் நுழைந்து போக ஒரு சல்லடை, நார்ப்புரதத்தால் நெய்தது. கண் நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டருக்குச் சற்று மேல் நீர் சுரந்து, அதே அளவை வடித்துவிட்டு, உருண்டை குலையாமல் நிற்கிறது. வடிகால் மந்தப்பட்டால் அழுத்தம் ஏறும். சல்லடை பின்னால் வளையும். இழைகள் நசுங்கி மடியும். இதுதான் கிளாக்கோமா. பெரும்பாலும் வலியே இராது.

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும், திருப்பி எடுத்துப்போகும் சிரையும் அதே இடுக்கில்தான் ஒட்டி உறவாடுகின்றன. நெருக்கடி வந்தால் தோற்பது மெல்லிய சுவருள்ள சிரை. கிளாக்கோமா உள்ளவர்களுக்குச் சிரை அடைப்பு கூடுதலாக வருவதற்கு இது ஒரு காரணம். வலியில்லாமல் ஒரு கண் மங்கும். உள்ளே சிரைகள் புடைத்து நெளிந்திருக்க, திரையெங்கும் தீச்சுடர் வடிவில் ரத்தக் கசிவு.

இதற்குப் பின் நடப்பதைக் கண்டு கைகூப்புவதா, கலங்குவதா தெரியவில்லை. ரத்தமின்றிப் பட்டினி கிடக்கும் விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லி ஒரு புரதத்தைச் சுரக்கிறது. தாயின் வயிற்றில் சிசுவுக்கு ரத்தக்குழாய் வளர்த்த அதே புரதம்! குழாய்களும் முளைக்கின்றன. ஆனால் அவை படர்வது கண்பாப்பாவைச் சுற்றிய படலத்தின் மேலும், நீர் வடியும் மூலையிலும். வடிகால் அடைபட்டு அழுத்தம் எகிறுகிறது, பல வேளை கடும் வலியோடு. அடைப்பு வந்த சில மாதங்களுக்குள் தலைகாட்டுவதால் பழைய மருத்துவர்கள் இதை ‘100 நாள் கிளாக்கோமா’ என்றார்கள்.

இன்று அந்தப் புரதத்தை அடக்கக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். பட்டினிப் பகுதியை லேசரால் நூற்றுக்கணக்கான புள்ளிகளாகச் சுடுவதும் உண்டு. சுட்ட இடம் பிராணவாயு கேட்காது. புரதச் சுரப்பும் தணியும். ஓரப் பார்வையில் கொஞ்சம் போனாலும், மிஞ்சிய பார்வையோடு கண் பிழைத்துக்கொள்ள வழியுண்டு.