பழமை, பழுது, பாழ்

சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய கெடா நகரங்களின் பழைய கடைவீடுகளையும் தோட்டப்புற லயங்களையும் ‘பாழடைந்தவை’ என்று ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். நகரச் சீரமைப்பில் அச்சொல் சட்டப் பொருள் பெறுகிறது. அங்குப் பொருள் மயங்கினால், குடியிருப்போர் வீடிழக்க நேரும்.

இச்சொற்களை நுணுக்கமாக வரையறுத்த சட்டம் ஒன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ளது. அது ‘வரிப் பெருக்க நிதி’ பற்றியது. ஒரு பகுதியின் அன்றைய வரிமதிப்பை அடிப்படையாக நிறுத்தி, பின்னர் மதிப்பு உயர்வதால் கிடைக்கும் கூடுதல் வரியைச் சீரமைப்புக்கே செலவிடுவது அம்முறை. எனவே, எப்பகுதி அதற்குத் தகுதியுடையது என்பதே முதல் வினா.

பழமை மட்டும் தகுதியாகாது. பாதிக் கட்டடங்களேனும் 35 ஆண்டு கண்டிருப்பினும், மூன்று குறைகளாவது உடன் காணப்படல் வேண்டும். கதவு, சன்னல், மழைநீர்க் குழாய் ஆகியவற்றின் கேடு பழுது. கூரை, சுவர், அடித்தளம் ஆகியவை பெருஞ்செப்பம் வேண்டியோ இடிக்க வேண்டியோ நிற்பது பாழ்.

மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு மதிப்பீட்டு வரி கணிக்கப்படலாம். பழுது மிகுந்தால் வாடகை குறையும், வரியும் குறையும். கடைவீட்டில் இவ்விழப்பு உரிமையாளரைச் சாரும். லயத்திலோ குடியிருப்பவர் தொழிலாளி. உரிமை தோட்ட நிருவாகத்துடையது. தொழிலாளர் குடியிருப்பைப் பேணும் கடமையை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளி மீது சுமத்துகிறது. ஆதலின் லயத்துச் சுவரின் விரிசல், மதிப்புக் குறைவுக்கு மட்டுமன்றிக் கடமை தவறியமைக்கும் சான்றாகலாம்.

மாணவர்கள் தம் ஊர்க் கட்டடங்களை ஆராயுங்கால் பழமை, பழுது, பாழ் என மூன்றாகப் பிரித்தெழுதுக. நான்காவதாக, அங்கு வாழ்வோர் யாவர் என்பதையும் எழுதுக. வரிக்கணக்கில் அவர்களுக்கு இடமில்லை.