கொடுப்பவர் பலர், கதவு ஒன்று

நம் ஊர்க் கோயில்களில் ட்யூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். ‘உபயம்’ என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், கடையின் பெயர் எல்லாம் எழுதி முடித்த பிறகு வெளிச்சம் வருவதற்கு இடமே இருக்காது. இதைச் சொல்லிச் சிரிக்காத தமிழர் இல்லை. ஆனால் இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விளக்கு இவர் கொடுத்தார், சரி. மாதா மாதம் கரண்டு பில் கட்டுவது யார்?

இந்தக் கேள்வியை, புதிதாக விடுதலை பெற்ற ஓர் ஏழை நாடு, தனக்கு உதவ வந்த பணக்கார நாடுகளிடம் தயங்காமல் கேட்டது. அந்த நாடு போட்ஸ்வானா. ரயில்வே பணி நிமித்தமாக அதன் தலைநகரான கபொரோனில் சில மாதங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதன் பிறகு அந்த நாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். பொருளாதாரம் படித்தவன் அல்ல நான். டிப்ளமா படித்துவிட்டு எஞ்சின் பராமரிப்பில் காலம் கழித்தவன். ஆனாலும் அவர்கள் செய்தது எனக்கு நன்றாகவே புரிந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்றுமில்லாத நாடு

1966 செப்டம்பர் 30ஆம் தேதி போட்ஸ்வானா விடுதலை அடைந்தது. பரப்பளவில் நம் தமிழ்நாட்டைப் போல் நாலரை மடங்கு. தார் போட்ட சாலையோ, நாடு முழுவதற்கும் 12 கிலோமீட்டர்தான் என்று சொல்கிறார்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் 22 பேர். ஆங்கிலேயர் அந்த நாட்டை ஆண்டதே, எல்லைக்கு வெளியே தென்னாப்பிரிக்க மண்ணில் இருந்த மஃபெகிங் என்ற ஊரிலிருந்துதான். கிழக்கு ஓரமாக ஒரு ரயில் பாதை போகிறது, 1897இல் போட்டது. அதுவும் அந்த மக்களுக்காகப் போட்டதல்ல. தென்னாப்பிரிக்காவிலிருந்து ரொடீஷியா செல்வதற்குப் போட்டது. போதாக்குறைக்கு விடுதலை சமயத்தில் கடும் வறட்சி. மாடுதான் அவர்கள் சொத்து. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்து போயிற்று. அரசாங்கச் செலவில் பாதியளவு பிரிட்டன் தந்த மானியத்தில் நடந்தது.

இந்த நிலையில் இருக்கும் ஒரு அரசுக்கு யாராவது ஏதாவது கொடுத்தால் என்ன செய்யும்? கை நீட்டி வாங்கிக்கொள்ளும். ஒருவர் ஆஸ்பத்திரி கட்டித் தருவார், மற்றொருவர் டிராக்டர் தருவார், வேறொருவர் பள்ளிக்கூடம் திறந்து வைப்பார். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருக்க மாட்டார், டிராக்டருக்கு உதிரி பாகம் கிடைக்காது, பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் இருக்காது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இதுதான் நடந்தது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கட்டிடத்துக்குக் கொடுக்க எல்லோரும் முன்வருவார்கள். சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் கொடுக்க யாருக்கும் மனம் வராது. சம்பளத்தின் மேல் பெயர்ப் பலகை வைக்க முடியாதல்லவா?

அவர்கள் போட்ட விதிகள்

முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா. துணைத் தலைவராகவும் நிதி, வளர்ச்சித் திட்டத் துறை அமைச்சராகவும் இருந்தவர் கெட்டுமிலே மாசிரே. அவர்களுடைய அரசு செய்த ஒரு முக்கியமான காரியம், திட்டமிடும் துறையையும் கஜானாவையும் ஒரே அமைச்சகமாக்கியது. மற்ற பல நாடுகளில் திட்டக் கமிஷன் ஒரு பக்கம் கனவு காணும். நிதித் துறை வேறு பக்கம் கதவைச் சாத்தும். இங்கே கனவு காண்பவரும் பணம் எண்ணுபவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். வெளிநாட்டு உதவி எதுவானாலும் அந்த ஒரு கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

இரண்டாவது விதி: நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட தேசிய வளர்ச்சித் திட்டத்தில் இல்லாத எந்த வேலையையும் எந்தத் துறையும் தொடங்கக் கூடாது. சுகாதாரத் துறையோ விவசாயத் துறையோ தனியாக ஒரு தூதரகத்துடன் பேசி, பின்வாசல் வழியாக ஒரு திட்டத்தை வாங்கி வர முடியாது. உதவ விரும்பும் நாட்டிடம், "எங்கள் பட்டியல் இதோ, இதில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார்கள். ஸ்வீடன் கிராமக் குடிநீர்த் திட்டங்களைப் பெரிதும் ஏற்றுக்கொண்டது. நார்வே சுகாதாரத் துறைக்கு உதவியது. வடக்கே ஜாம்பியா எல்லைக்குப் போகும் சாலைக்கு அமெரிக்கா பணம் தந்தது. ஒருவர் காலை ஒருவர் மிதிக்கவில்லை.

மூன்றாவதுதான் நான் முதலில் சொன்ன கரண்டு பில். ஒவ்வொரு திட்டத்திலும் கட்டும் செலவோடு, கட்டி முடித்த பிறகு வருடா வருடம் ஆகும் தொடர் செலவையும் எழுதிக் காட்ட வேண்டும். எத்தனை பணியாளர் தேவை, அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கணக்குச் சொல்ல வேண்டும். கணக்கு உதைத்தால் இலவசமாக வந்ததையும் தள்ளி வைத்தார்கள். பசித்தவன் இலையில் விழுவதை வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆலோசகர் எங்கே உட்கார வேண்டும்?

22 பட்டதாரிகளை வைத்துக்கொண்டு இவ்வளவு கணக்குப் போட முடியுமா? முடியாது. ஆகவே வெளிநாட்டவர்களை வைத்துக்கொண்டார்கள். ஆனால் வைத்துக்கொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். தனி அலுவலகம், தனி வண்டி, தனி அறிக்கை என்று அவர்களை விடவில்லை. அரசாங்கத்தின் சாதாரணப் பதவிகளிலேயே உட்கார வைத்து, உள்ளூர் அமைச்சருக்குப் பதில் சொல்லும்படி செய்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை வேறு நாடு கொடுத்தாலும் விசுவாசம் போட்ஸ்வானாவுக்கே. காலனி ஆட்சிக் காலத்தில் வேலைக்கு வந்த குயில் ஹெர்மன்ஸ் என்பவர் நிதித் துறையின் உயர் அதிகாரியாக இருந்து, பின்னாளில் அந்நாட்டு மத்திய வங்கியின் ஆளுநரும் ஆனார். தகுதி பெற்ற சொந்த மக்கள் கிடைக்கும் வரை வெளிநாட்டவரை வைத்துக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை.

இதற்கு நேர்மாறான நிலையைக் கிழக்குத் திமோரில் காணலாம். 1999இல் நடந்த வன்முறையில் அந்தச் சின்ன நாட்டின் கட்டிடங்களில் பெரும்பாலானவை எரிந்து போயின. ஐ.நா. சபை வந்து நிர்வாகத்தை ஏற்றது. 2002 மே 20ஆம் தேதி விடுதலை. உலகமே உதவிக்கு ஓடி வந்தது, உண்மைதான். ஆனால் மக்கள் பேசுவது தேத்தும். படித்த இளைஞர்கள் கற்றது இந்தோனேசிய மொழி. சட்டம் எழுதுவது போர்த்துகீசியத்தில். ஆலோசகர்கள் அறிக்கை தருவது ஆங்கிலத்தில். தன் நாட்டைப் பற்றிய அறிக்கையைத் தன் அதிகாரியே படிக்க முடியாவிட்டால் அந்த ஆலோசனை யாருக்கு? பிறகு அவர்களும் விழித்துக்கொண்டார்கள். எண்ணெய், எரிவாயு வருமானத்தை 2005இல் தனி நிதியாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2010இல் தங்களைப் போல் போரில் அடிபட்ட நாடுகளைத் தலைநகர் டிலியில் கூட்டி, ‘ஜி7 பிளஸ்’ என்ற அமைப்பு உருவாக வழி செய்தார்கள். உதவி கொடுப்பவர் வகுத்த பாதையில் அல்ல, வாங்கும் நாடு வகுத்த பாதையில்தான் பணம் போக வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

எஞ்சின் ஷெட்டில் கற்ற பாடம்

எனக்கு இது எளிதில் புரிந்த காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? 1988 வாக்கில் நம் ரயில்வேக்கு ஸ்வீடனிலிருந்து 6, ஜப்பானிலிருந்து 12 சரக்கு மின் எஞ்சின்கள் வந்தன. ஜப்பான் எஞ்சினிலேயே இரண்டு ரகம். மொத்தம் 18 எஞ்சின், ரகம் மூன்று. இவை தானமாக வந்தவை அல்ல, நாம் வாங்கியவை. அருமையான எஞ்சின்கள்; அவற்றிலிருந்து நாம் கற்றதும் நிறைய. ஆனால் பராமரிப்பவனுக்குத்தான் தெரியும் அதன் கஷ்டம். மூன்று ரகத்துக்கும் மூன்று விதமான உதிரி பாகம், மூன்று விதமான படம், மூன்று விதமான பயிற்சி. சித்தரஞ்சனில் செய்த எஞ்சின் என்றால் நூற்றுக்கணக்கில் ஓடுகிறது. ஒரு பாகம் இல்லாவிட்டால் பக்கத்து ஷெட்டில் கேட்டு வாங்கலாம். ஆறே எஞ்சின் உள்ள ரகத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு பெரிய ரயில்வேக்கே இப்படி என்றால், பத்து நாடுகள் பத்து விதமான பம்ப் செட்டையும் லாரியையும் ஜெனரேட்டரையும் ஒரு சின்ன நாட்டுத் தலையில் இறக்கினால் என்ன ஆகும்? அங்கே ஆலோசகர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை "வாங்குங்கள்" என்பதல்ல. "ரகத்தைக் குறையுங்கள்" என்பதுதான்.

நம் இந்தியாவும் இந்தப் பாதையில் வந்ததுதான். 1958இல் நமக்குக் கடன் தரும் நாடுகளை உலக வங்கி ஒன்று கூட்டி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தியது. 2003இல் நாமே, சிறிய அளவில் உதவி தரும் பல நாடுகளுக்கு நன்றி சொல்லி, இனி வேண்டாம், சில நாடுகளே போதும் என்று அறிவித்தோம். ஒவ்வொரு சிறு உதவிக்கும் ஒரு கோப்பு, ஒரு குழு, ஒரு ஆய்வு என்று நிர்வாகச் சுமை இருக்கிறதே!

பலன் என்ன?

போட்ஸ்வானாவில் வைரம் கிடைத்ததால்தான் முன்னேறினார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஒராப்பாவில் 1967இல் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது, 1971இல் சுரங்கம் திறந்தது என்பது உண்மை. ஆனால் வைரமும் எண்ணெயும் கிடைத்துச் சீரழிந்த நாடுகள் எத்தனை! பிச்சைக் காசை எண்ணிச் செலவு செய்யப் பழகியவர்கள், வைரக் காசு வந்தபோதும் அதே பழக்கத்தை விடவில்லை. 1970களின் தொடக்கத்திலேயே பிரிட்டனின் பட்ஜெட் மானியம் தேவையில்லை என்ற நிலை வந்தது. 1994இல், மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து மேலேறிய முதல் நாடு என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. குறை இல்லாமல் இல்லை. எய்ட்ஸ் நோய் அந்த நாட்டைக் கடுமையாக வாட்டியது. வைரத்தையே நம்பியிருப்பதால், அதன் விலை விழும்போது பொருளாதாரமும் ஆட்டம் காண்கிறது. வேலையில்லாத் திண்டாட்டமும் உண்டு. ஆனால் தங்கள் நாட்டை எப்படி நடத்துவது என்பதை அவர்கள் வேறு யாரிடமும் விட்டுவிடவில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று பன்னாட்டு நிறுவனங்களில் வேலைக்குப் போகிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் ஏதோ ஒரு புதிய நாட்டின் அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருக்கக்கூடும். அவர்களுக்கு இந்தக் கிழவன் சொல்வது இவ்வளவுதான். அந்த நாட்டு மொழியில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். பட்டியலை அவர்களே எழுதட்டும். நீங்கள் கூட்டல் கழித்தலைச் சரிபாருங்கள். எதைக் கொடுத்தாலும், அடுத்த பத்து வருடம் அதை யார் பராமரிப்பார்கள் என்று கேளுங்கள். உங்கள் நாற்காலியில் உட்கார அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரைத் தயார் செய்துவிட்டு ஊர் திரும்புங்கள்.