இருட்டும் விசிலும்: கொட்டகை நாகரிகம் பற்றிச் சில குறிப்புகள்

1

சினிமாக் கொட்டகையில் விசிலடிப்பவனுக்கு நாகரிகம் தெரியாது என்பது நம்மிடையே புழங்கும் பழைய பேச்சு. "படம் பார்க்க வந்தா படத்தைப் பாக்கணும், அதென்ன ஊளை?" என்று கேட்பவர் ஒரு அனுமானத்தைக் கேள்விக்கு அப்பால் வைத்துவிட்டுத்தான் கேட்கிறார். வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் 'பார்த்தல்' என்பது அந்த அனுமானம். சபாவில் தொடையில் தட்டித் தாளம் போடுபவரை ரசிகர் என்கிறோம். தரை டிக்கெட்டில் விசிலடிப்பவனைக் காலி என்கிறோம். இரண்டும் சத்தம்தான். எந்தச் சத்தம் ரசனையாகிறது, எது ரகளையாகிறது என்று தீர்மானிப்பது சத்தத்தின் அளவல்ல. சத்தம் போடுபவர் யார் என்பதுதான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. தமிழ்க் கொட்டகையின் விசிலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் திரையைப் பார்த்துப் பயனில்லை, கொட்டகையின் இருட்டைப் பார்க்க வேண்டும். அந்த இருட்டு யாருக்கு வாய் கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை, இன்று அது எப்படி நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பதே இங்கே விஷயம்.

2

மௌனத்துக்கும் வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன், பாரிஸ் நாடக அரங்குகளில் பார்வையாளர்கள் நடிகரோடு பேசினார்கள், பிடித்த இடத்தைத் திரும்ப நடிக்கச் சொன்னார்கள், பிடிக்காதபோது கத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே மரியாதைக்குரிய வர்க்கத்தின் அடையாளமாகிவிட்டது என்று ரிச்சர்ட் சென்னட் 1977இல் வெளியான தன் நூலில் விவரிக்கிறார். அமெரிக்காவில் இதே மாற்றம் நடந்த விதத்தை லாரன்ஸ் லெவின் 1988இல் எழுதினார். அங்கே ஷேக்ஸ்பியர் ஒருகாலத்தில் எல்லாருக்குமான கூத்து. 1849 மே 10ஆம் தேதி நியூயார்க்கின் ஆஸ்டர் பிளேஸ் அரங்கின் முன் இரண்டு நடிகர்களின் ரசிகர் சண்டை கலவரமாக முற்றி, படை சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரசிகர் சண்டை என்றால் நம்மூர்ச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மௌனத்தைக் கட்டிடமாகவே எழுப்பியவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர். 1876இல் பைராய்த்தில் அவர் திறந்த அரங்கில் பார்வையாளர் பகுதியை இருட்டாக்கினார். இசைக் குழுவைக் கண்ணுக்குத் தெரியாமல் பள்ளத்தில் இறக்கினார். அதற்கு முன் அரங்கு வெளிச்சத்தில்தான் இருந்தது. வந்தவர்கள் மேடையைப் பார்த்த அளவுக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருட்டு அந்தப் பார்வையைத் துண்டித்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாக மேடையோடு கட்டிப்போட்டது. 1882இல் அங்கே 'பார்சிஃபால்' அரங்கேறியது. அதன் ஒரு காட்டலில் பூப்பெண்கள் காட்சி முடிந்ததும் வாக்னரே உற்சாகத்தில் 'பிராவோ' என்று கத்த, பக்கத்திலிருந்தவர்கள் அவரை 'உஷ்' என்று அடக்கினார்களாம். சட்டம் போட்டவரையே சட்டம் பிடித்துக்கொண்டது.

இன்றைய மல்ட்டிப்ளெக்ஸ் மௌனம் இந்தப் பைராய்த் வம்சாவளியைச் சேர்ந்தது. நம்முடைய கொட்டகைக்கு வேறு வம்சாவளி. ஐரோப்பாவில் ஆளை வாயடைத்த அதே இருட்டு இங்கே வாயைத் திறந்துவிட்டது. ஏன்?

3

தர்மபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற வட்டாரத்தில் எண்பதுகளில் நான் பார்த்தவை டூரிங் கொட்டகைகள். மேலே கீற்று, கீழே மணல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இடுப்புயரத் தடுப்பு. முன்னால் தரை, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் சில நாற்காலிகள். தரையில் உட்காருகிறவன் மணலைக் குவித்துத் தன் ஆசனத்தைத் தானே கட்டிக்கொள்வான். பின்னால் இருப்பவன் "டேய், கலைடா" என்பான். முதல் பஞ்சாயத்து அங்கே தொடங்கும்.

அந்தக் கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜக்டர். ரீல் தீர்ந்தால் படம் நிற்கும், விளக்கு எரியும், அடுத்த ரீலை மாட்டியதும் விளக்கு அணையும். இடைவேளை ஒன்றல்ல, மூன்று. இந்தத் தொழில்நுட்பக் குறைபாடுதான் என் வாதத்துக்குக் கிடைத்த சோதனைச்சாலை. விளக்கு அணைந்திருக்கும்வரை ஒரே இரைச்சல்: விசில், கைதட்டல், "போடு வாத்தியாரே", வில்லனுக்கு வசவு. விளக்கு எரிந்ததும் சத்தம் ஒரு நொடியில் வடிந்துவிடும். பண்ணையில் வேலை பார்ப்பவன் திரும்பிப் பார்ப்பான். பின்னால் நாற்காலியில் பண்ணைக்காரர் இருந்தால் காலை மடக்கிக்கொள்வான், தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கும். பீடி அணையும். மறுபடி இருட்டானதும் அதே ஆள் இரண்டு விரலை வாய்க்குள் விட்டுக் கொட்டகை அதிர ஒரு விசில் அடிப்பான். படம் அறுந்துபோனால் "டேய் ஆப்பரேட்டரு, தூங்கிட்டியா?" என்று அதட்டுவான். அன்றைக்குப் பகலெல்லாம் 'டேய்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவன் அவன்.

இதே மக்கள் கூத்தில் இப்படி நடந்துகொள்வதில்லை. இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கிற வட்டாரம். அங்கே பார்வையாளரின் பங்கு கைதட்டலை விடப் பெரியது. துரியோதனன் படுகளத்தன்று மண்ணால் செய்த பிரம்மாண்ட உருவத்தின் முன் ஊரே நிற்கும்; நடிகனும் பக்தனும் வேறு வேறல்ல. நடு இரவில் கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்ன ஊர் இன்னார் இத்தனை ரூபாய் அன்பளித்தார் என்று கூவுவான். அதற்கும் ஒரு வரிசை உண்டு. யார் பாய் விரித்து முன்னால் உட்காருவது, யார் ஓரத்தில் நிற்பது என்பது ஊருக்குத் தெரியும். ஏனென்றால் கூத்து வெளிச்சத்தில் நடக்கிறது. ஆடுபவன்மேல் விழும் விளக்கு பார்ப்பவன் முகத்திலும் விழுகிறது. கூத்தின் பாராட்டுக்குப் பெயரும் ஊரும் உண்டு, ஆகவே சாதியும் உண்டு. விசிலுக்குப் பெயர் கிடையாது. எந்த வாயிலிருந்து வந்தது என்று இருட்டில் யாராலும் சொல்ல முடியாது. பார்க்கப்படுவதே அதிகாரத்தின் கண்ணி என்று ஃபூக்கோ சிறைச்சாலையை முன்வைத்து விவாதித்தார். அதைத் தலைகீழாக்கினால் கொட்டகை கிடைக்கிறது: பார்க்கப்படாத இரண்டரை மணி நேரம்.

4

தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை. அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, டிக்கெட் வாங்கும் சக்தி என்ற கருத்தைக் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் தன் ஆங்கில நூலில் வைத்தார். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தது 1931இல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலை 8இல். கோயிலுக்கு முன்பே கொட்டகை திறந்துவிட்டது. மேல்தட்டுப் பண்பாட்டுக் காவலர்கள் சினிமாவை ஆரம்பத்தில் இகழ்ந்ததற்கும் இதற்கும் உள்ள உறவை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரை திறந்து காட்டியது.

விசிலைத் திரையும் சீக்கிரமே கண்டுகொண்டது. 'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952) காலத்திலிருந்து வசனம் கைதட்டலை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. கைதட்டலில் அடுத்த வரி அமுங்கிவிடாதபடி நடிகர் நிறுத்திப் பேசுவார். ஒரு பாத்திரத்தின் பெயர் அண்ணாவை நினைவூட்டினால் போதும், கருப்பும் சிவப்பும் ஒரு சட்டத்தில் சேர்ந்து வந்தால் போதும், மிச்சத்தைக் கொட்டகை நிரப்பியது. தணிக்கை அதிகாரி பிலிமை வெட்டலாம், கைதட்டலை எங்கே வெட்டுவது? சொல்லப்படாத வாக்கியத்தின் பாதியைப் பார்வையாளன் சொன்னான். இந்த வகையில் விசில் ஒரு வாசிப்பு. பிரதியை முடித்துவைப்பது அதுதான்.

5

ஆனால் இதை விடுதலைக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் விசில் கேட்டதில்லை. பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட சத்தங்கள் இரண்டு: அழுகை, சாபம். கதாநாயகி வீட்டைவிட்டுத் துரத்தப்படும்போது மூக்கு சிந்துகிற சத்தம் வரிசையாக எழும். நம்பியார் வந்தால் "பாவி, நாசமாப் போவ" என்று மண் தூற்றாத குறையாகத் திட்டுவார்கள். இரண்டும் வீட்டிலும் சாவிலும் அவர்களுக்கு ஏற்கனவே உரிமையான சத்தங்கள். இருட்டு அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் தரவில்லை. களிப்பில் கத்தும் உரிமை ஆணிடமே இருந்தது. அந்தக் களிப்பில் பாதி, திரையில் ஒரு பெண் 'அடக்கப்படும்' காட்சிக்கு எழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாதியும் அப்படித்தான். இருட்டில் குரலற்றவன் மட்டுமா விசிலடிப்பான்? 'தேவர் மகன்' (1992) வந்தபோது எழுந்த கைதட்டல் அரங்குக்கு வெளியே தன்மேல் எப்படி விழுந்தது என்பதை மாரி செல்வராஜ் 2023இல் 'மாமன்னன்' மேடையிலேயே சொன்னார். பெயரில்லாத சத்தம் மேலிருப்பவனின் கைக்கும் ஆயுதம். ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே நாயகனுக்கு விசிலடித்தார்கள் என்பதால் ஊருக்குள் ஒன்றும் கரைந்துவிடவில்லை. 2012 நவம்பர் 7ஆம் தேதி இதே தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் ஒரு கலப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி எரிக்கப்பட்டன. எரித்தவர்களும் எரிக்கப்பட்டவர்களும் சினிமா பார்த்த தலைமுறைதான். சிவத்தம்பி சொன்ன ஒரே கூரை உண்மை. அந்தக் கூரை விளக்கு எரியும்வரைதான் என்பதும் உண்மை.

6

இப்போது விளக்கு அணைவதே இல்லை. பெரிய நடிகரின் படத்துக்கு முதல் காட்சி போய்ப் பாருங்கள். நாயகன் தோன்றும் கணத்தில் நூற்றுக்கணக்கான செல்போன்கள் எரிகின்றன. பாதிப்பேர் திரையைப் படமெடுக்கிறார்கள், மீதிப்பேர் கத்தும் தங்களையே படமெடுக்கிறார்கள். அந்தச் சத்தம் சாயங்காலத்துக்குள் விளம்பரமாகிவிடும். கைதட்ட ஆள் வைப்பது பழைய தொழில். நீரோ மன்னன் தன் பாட்டுக்குக் கைதட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்களைத் திரட்டி, தட்டும் வகைகளையும் கற்பித்தான் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரிஸில் இதற்கென்றே கூலிக் கும்பல்கள் இருந்தன. நம் காலத்தின் புதுமை, கூலியில்லாமல், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்து அந்த வேலையைச் செய்வது. முகம் தெரிய, பெயர் தெரிய விசிலடிக்கும்போது அது மறுபடியும் கூத்தின் அன்பளிப்பு அறிவிப்பைப் போலாகிறது. கூத்தில் கொடுத்தவனுக்கு மரியாதை கிடைத்தது. இங்கே எல்லாம் நடிகர் கணக்கில் போகிறது.

இதற்கு எதிரே 'நாகரிக'த்தின் கையும் நீள்கிறது. 2016 நவம்பர் 30இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் தேசிய கீதம் இசைக்க வேண்டும், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்றது. சில நாட்களிலேயே சென்னையில் எழுந்து நிற்காதவர்களுக்கு அடி விழுந்தது. 2018 ஜனவரி 9இல் கட்டாயம் நீக்கப்பட்டது. 2023 மார்ச் 30இல் சென்னையில் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பம் ஒரு அரங்கின் வாசலில் நிறுத்தப்பட்டது. காட்சிப்பதிவு பரவிய பிறகு உள்ளே விட்டார்கள்; தணிக்கைச் சான்றிதழ்படி சிறுவர்களுக்கு அனுமதியில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அதே வருஷம் அக்டோபரில் 'லியோ' முன்னோட்டம் திரையிட்ட இடத்தில் ரசிகர்கள் இருக்கைகளை உடைத்துப் போட்டார்கள். நாகரிகம் பற்றிய பேச்சு எந்தச் சம்பவத்துக்கு அதிகம் செலவானது என்று யோசித்துப் பாருங்கள். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் சத்தமே போடவில்லை.

7

அப்படியென்றால் எல்லாரும் கத்த வேண்டும் என்பதா? இல்லை. மௌனத்திலும் இரண்டு வகை உண்டு. 2018 செப்டம்பரில் 'பரியேறும் பெருமாள்' வெளியானபோது இந்தப் பக்கத்து அரங்கு ஒன்றில் பார்த்தேன். நாயகனைச் சிறுநீரால் அவமானப்படுத்தும் காட்சியில் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு தேநீர்க் குவளைகளும் நடுவே ஒரு பூவும் நிற்கும்போது கைதட்டல் இல்லை, விசில் இல்லை, எழுந்து ஓடும் அவசரமும் இல்லை. 'உஷ்' என்று யாரும் அடக்கவில்லை. விளம்பர அட்டையில் 'அமைதி காக்கவும்' என்று போடவில்லை. விளக்கு போட்டார்கள். ஆட்கள் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினார்கள். விளக்கு எரிந்ததும் பண்ணைக்காரர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்த பழைய பார்வைக்கும் இந்தப் பார்க்காமைக்கும் இடையில் நாற்பது வருஷம் கிடக்கிறது. அது முன்னேற்றமா, வெட்கமா, இரண்டும் கலந்ததா என்பதை அந்த முகங்களைப் பார்த்து என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நம் சினிமா விமர்சனம் திரையைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டது. கொட்டகையின் சத்தத்தை எழுதியது குறைவு. எந்தக் காட்சிக்கு விசில் வந்தது என்பதோடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கம் சும்மா இருந்தது என்பதையும் குறித்துவைக்க ஆட்கள் வேண்டும். 'பராசக்தி'யின் வசனம் புத்தகமாகக் கிடைக்கிறது. அதற்கு 1952இல் பெண்கள் பக்கத்தில் என்ன சத்தம் கேட்டது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் எண்பது தொண்ணூறு வயதில் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.