டிலைட் போச்சு, ரோட்டுப் பேரு மட்டும் மிச்சம்!

கோவை டவுன்ஹால் பக்கம் வெரைட்டி ஹால் ரோட்டில் தினமும் போறவங்க பலருக்கு, அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னே தெரியாது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ல் அவர் இங்கே கட்டிய நிரந்தர தியேட்டர்தான் வெரைட்டி ஹால், பின்னாளில் டிலைட். நூறு வயசு தாண்டிய அந்தக் கட்டடத்தை இடிச்சாச்சு.

நூறு வயசானா சட்டம் காப்பாத்தாதா? வயசு மட்டும் போதாது. பாரம்பரியச் சின்னம்னு அரசு முறைப்படி அறிவிக்கணும். அதுவரை தனியார் கட்டடத்தின் கதி உரிமையாளர் கையில்தான்.

பக்கத்திலேயே 1892-ல் கட்டிய விக்டோரியா ஹால் கம்பீரமா நிக்குது. மாநகராட்சி மன்றக் கூட்டம் இன்னும் அங்கேதான் நடக்குது.