பாலையில் ஒரு மணக்கோலம்

கலியாணப் படத்துக்கு ஒரு காலத்தில் நம் வீடுகளில் ஒரே லட்சணந்தான் இருந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் அமர்ந்திருப்பார். பெண் அருகே நின்றிருப்பாள். பின்னால் திரையில் எழுதிய மாளிகையும் தடாகமும் இருக்கும். இருவரில் ஒருவர் முகத்திலாவது புன்னகை தெரிந்தால், அது படம் பிடித்தவரின் கவனக் குறைவு என்று கொள்ள வேண்டும்! இன்றைய மணமக்களோ திரையை விட்டுத் திசைகளை நாடிப் புறப்பட்டுவிட்டார்கள். மலையும் கடலும் தேயிலைத் தோட்டமும் முடிந்து, இப்போது பாலைவனத்தின் முறை வந்திருக்கிறது.

வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். "மங்கள காரியத்துக்கு வேறு இடமா இல்லை? ஒன்றுமில்லாத பொட்டலிலா போய் நிற்பது?" என்கிறார்கள். தமிழ் இலக்கணம் அறிந்த தாத்தாவாயிருந்தால், பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு அல்லவா என்று ஒரு போடு போடுவார். ஆயினும் தலைவனோடு தலைவி வீட்டைத் துறந்து செல்லும் உடன்போக்கும் பாலைத் திணையைச் சேர்ந்ததே. சுரத்தின் நடுவே இருவர் சேர்ந்து நடப்பது தமிழ் உள்ளத்துக்குப் புதிய காட்சியன்று. ஆகவே அபசகுனம் என்ற அச்சத்தைத் தாத்தா விட்டுவிடலாம்.

'ஒன்றுமில்லாத பொட்டல்' என்ற சொல்லைத்தான் நாம் சிறிது ஆராய வேண்டும். ஏனெனில், பாலையை வெறுக்கும் பெரியவர்களும், அதை விரும்பிச் செல்லும் இளைஞர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஏகமனதாக இருக்கிறார்கள். இடம் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள் பலவும் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

வெயிலும் மணலும்

நம் நாட்டுப் பெரும்பாலை தார் பாலைவனம். இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுள்ள அதன் பெரும்பகுதி ராஜஸ்தானத்தில் இருக்கிறது. படம் பிடிக்கச் செல்வோர் பெரும்பாலும் நாடுவது ஜெய்சல்மேர் நகரத்தை. அங்கிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஸம் என்ற இடத்து மணற்குன்றுகள் இருக்கின்றன. தென்மேற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் குரி என்னும் கிராமம் இருக்கிறது. ஸம்மில் மாலை நேரத்தில் ஒட்டகங்களும் ஜீப்புகளும் வேடிக்கை பார்ப்போரும் திருவிழாக் கூட்டமாக நிறைந்துவிடுகிறார்கள். தனிமை வேண்டுவோருக்குக் குரியே ஏற்றது.

இரண்டில் எங்கே போனாலும் விடியற்காலையில் போவதே உத்தமம். முதல் நாள் மிதித்த காலடிகளையும் சக்கரத் தடங்களையும் இரவுக் காற்று பெரும்பாலும் அழித்து, மணல்மேல் புதிய அலைகளை வரைந்து வைத்திருக்கும். கதிரவன் தாழ்வாக இருக்கும்போது ஒவ்வொரு மணல் அலையும் தன் நிழலைக் காட்டும்; குன்றின் ஒரு பக்கம் பொன்னாகவும் மறு பக்கம் நீலமாகவும் தோன்றும். உச்சி வெயிலில் இவை யாவும் மறைந்து, மணல் தட்டையான மஞ்சள் தாளாகிவிடும். மணமக்களின் கண்களுக்குக் கீழே கரு நிழல் விழும்.

மாதமும் முக்கியம். ஜெய்சல்மேரை அடுத்த பலோடியில் 2016-ம் வருஷம் மே மாதத்தில் வெப்பம் 51 டிகிரியைத் தொட்டது. நம் பக்கத்து வைகாசி முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு அங்கே போய் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தக்க காலம். அப்போது பகல் இதமாயிருக்கும். இரவில் கடுங்குளிர் அடிக்கும். பாட்டிமாரை அழைத்துச் செல்வோர் கம்பளியை மறக்கலாகாது. சந்தன நிறமும் மாம்பழ மஞ்சளும் அம்மணலில் கரைந்து போகும். அரக்கும் மயில்கழுத்து நிறமும் எடுத்துக்காட்டும்.

கல்லுக்குள்ளும் ஒரு கதை

மணலைவிடக் கல்லை விரும்புவோருக்கு ஜெய்சல்மேர் கோட்டை இருக்கிறது. 1156-ல் ராவல் ஜைஸல் என்னும் அரசர் எழுப்பிய கோட்டை அது. மஞ்சள் கல்லாலான மதில்கள் அந்தி வெயிலில் பொன்னாக ஜொலிக்கும். சத்யஜித் ரே 1974-ல் 'ஸோனார் கேல்லா' என்று திரைப்படம் எடுத்தது இதை வைத்துத்தான். அக்கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. நாம் அழகான வாசற்படி என்று கருதி ஏறி நிற்பது ஒருவர் வீட்டுத் திண்ணையாக இருக்கும். நம் வீட்டுத் திண்ணையில் முன்பின் அறியாத மணமக்கள் வந்து நின்றால் நாம் என்ன எதிர்பார்ப்போமோ, அந்த ஒரு வார்த்தையை அவர்களிடம் கேட்டுவிட்டு நிற்பதே மரியாதை.

நகருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் படா பாக் என்னும் இடம் உண்டு. குடை போன்ற விமானங்களைத் தாங்கிய மண்டபங்கள் வரிசையாக நிற்கும். மணமக்கள் இங்கே மாலையும் கழுத்துமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மண்டபங்கள் மறைந்த அரசர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. நம் நாட்டுப் பள்ளிப்படைகளைப் போன்றவை. அழகில் குறைவில்லை. எனினும் கலியாணக் கோலத்துக்கு உரிய இடமா என்பதை, அது இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகு குடும்பத்தார் தீர்மானிப்பது நல்லது. ஊருக்குத் திரும்பிப் படத்தை மாட்டிய பிறகு தாத்தாவுக்குத் தெரியவந்தால் வீடு இரண்டுபடும்!

குல்தாரா என்னும் கிராமத்தின் கதை வேறு. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த அவ்வூர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாழாயிற்று. ஸாலிம் சிங் என்ற மந்திரி ஊர்த் தலைவரின் மகளை வலிந்து கேட்டதாகவும், அவளைக் கொடுக்க மனமின்றி ஊரே ஓர் இரவில் வெளியேறியதாகவும் கதை சொல்கிறார்கள். நீர் வற்றியதும் வரிக் கொடுமையும் காரணங்கள் என்பர் ஆராய்ச்சியாளர். எது உண்மையாயினும், ஒரு பெண்ணின் மானத்துக்காக ஓர் ஊர் தன் வீடுகளைத் துறந்ததாக மக்கள் நினைவில் வைத்திருக்கும் இடம் அது. அதை அறிந்து அங்கே நிற்கும் மணப்பெண்ணின் முகத்தில், அறியாதவளின் முகத்தில் இல்லாத ஒரு கம்பீரம் இருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

அங்கே குடியிருப்போர்

உலகப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்தவற்றுள் தார் ஒன்று. அங்கே மங்கணியார் என்னும் பரம்பரைப் பாடகர்கள் இருக்கிறார்கள். தங்களை ஆதரிக்கும் குடும்பங்களின் பிறப்புக்கும் விவாகத்துக்கும் பாடுவதே அவர்கள் குலத்தொழில். அத்தகையோரை வர்ணத் தலைப்பாகைக்காக மட்டும் படத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பத்து ரூபாயோடு அனுப்பிவிடுவது நியாயமா? உட்காரவைத்து ஒரு கலியாணப் பாட்டுப் பாடச் சொல்லி, உரிய சன்மானம் கொடுத்தால், படத்தோடு ஆசீர்வாதமும் கிடைக்கும்.

மனிதரல்லாத குடிகளும் உண்டு. 1980-ல் ஏற்பட்ட பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஸம்முக்கு அருகிலேயே இருக்கிறது. அழியும் தறுவாயிலுள்ள கானமயில் அதன் புல்வெளிகளில் வாழ்கிறது. ஒரு காலத்தில் நம் கோயமுத்தூர்ப் பக்கத்திலும் திரிந்த பறவை அது. இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவே. மின்கம்பிகளில் மோதி மடிவது அதற்கு நேர்ந்துள்ள பேராபத்து. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடுவது அதன் வழக்கம். ஜீப்பைப் பாதையை விட்டுப் புல்வெளியில் ஓட்டச் சொல்லும் மணமகன், தான் எதன்மேல் ஓட்டுகிறோம் என்பதை அறியமாட்டான். பறக்கும் காமிராவை ஏவுவதற்கும் அந்த எல்லைப்புற மாவட்டத்தில் முன்கூட்டியே உத்தரவு பெற வேண்டும்.

அங்கே தனித்து நிற்கும் கேஜ்ரி மரம் வேறொன்றுமல்ல. நாம் விஜயதசமியில் போற்றும் வன்னிதான். 1730-ல் ஜோத்பூரை அடுத்த கேஜ்ரலி கிராமத்தில், இம்மரங்களை வெட்ட வந்த அரண்மனை ஆட்களைத் தடுத்து, அமிர்தா தேவி என்ற பெண்மணியும் அவரைப் பின்பற்றிய பிஷ்ணோயிகளுமாக 363 பேர் உயிர் நீத்தார்கள். படத்தின் அலங்காரத்துக்கென்று அதன் கிளையை ஒடிக்க யாருக்கு மனம் வரும்?

நம் பக்கத்துச் செம்மணல்

ஜெய்சல்மேருக்குப் போய் வரும் செலவைக் கேட்டுப் பெண் வீட்டார் பெருமூச்சு விடுவது நம் காதில் விழுகிறது. அவர்களுக்குத் தேரிக்காட்டை நினைவூட்டுகிறோம். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு அருகே குதிரைமொழித் தேரி இருக்கிறது. மழையளவைக் கொண்டு பார்த்தால் அது பாலைவனம் ஆகாது. கண்ணுக்கு மட்டும் பாலைவனம். இரும்புச் சத்து பூசிய மணல் செக்கச் செவேலென்று குன்று குன்றாகக் கிடக்கும். நடுவே பனையும் முந்திரியும் நிற்கும். அச்செம்மணல் நடுவே வற்றாத சுனையோடு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் கொண்டிருக்கிறார். பங்குனி உத்திரத்தில் குலதெய்வ வழிபாட்டுக்குக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

இங்கே அரக்குக் கூறை எடுபடாது; பச்சையும் வெள்ளையும் மிக நன்றாயிருக்கும். ஆனால் செம்புழுதி வேட்டியில் ஒட்டினால் எளிதில் போகாது. ஆகையால் முகூர்த்த வேட்டியை வீட்டில் வைத்துவிட்டு வேறொன்றை உடுத்துச் செல்வதே விவேகம். தேரியின் ஒரு பகுதி காப்புக்காடு. வனத்துறையின் அனுமதி பெற்றுக்கொண்டு போக வேண்டும்.

எந்தப் பாலையைத் தேர்ந்தாலும் போகுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம்: இந்த இடம் யாருடையது? எந்த மாதத்தில், எந்த வேளையில் இது தன் அழகைக் காட்டும்? நாம் வந்து போன பிறகு இங்கே என்ன மிஞ்சும்? கடைசிக் கேள்விக்குக் 'காலடித் தடம் மட்டுமே' என்பது விடையாயிருக்க வேண்டும். அதை இரவுக் காற்று பார்த்துக்கொள்ளும். காகிதப் பூவையும் தண்ணீர்ப் புட்டியையும் காற்று அழிப்பதில்லை.

கலியாணப் படம் ஐம்பது வருஷம் சுவரில் இருக்கப் போகிறது. என்றாவது ஒரு நாள் பேரக் குழந்தை அதைச் சுட்டிக்காட்டி, "இது எந்த ஊர், பாட்டி?" என்று கேட்கும். "எங்கேயோ ஒரு மணற்காடு" என்று சொல்ல நேர்ந்தால், அதைவிடப் பழைய ஸ்டூடியோத் திரையே மேல். ஊர்ப் பெயரையும், அங்கே பாடிய பாடகரையும், தூரத்தில் நின்ற வன்னி மரத்தையும் சொல்ல முடிந்தால், அந்தப் படத்துக்காகச் செய்த செலவு வீண்போகவில்லை என்று நாம் சொல்வோம்.