பல்லின அடைப்பிடங்கள்: நில ஒற்றுமை போதுமா?

விலங்கியல் பூங்காக்களில் வெவ்வேறு இன விலங்குகளை ஒரே அடைப்பிடத்தில் வாழவைக்கும் முறையைக் ‘கலப்பினக் காட்சியகம்’ எனச் சிலர் வழங்குவர். கலப்பினம் என்பது இரண்டு இனங்கள் கூடிப் பிறந்த வழித்தோன்றலையும் குறிக்கும். எனவே ‘பல்லின அடைப்பிடம்’ என்னும் தொடரே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. இது வெறும் சொற்சிக்கல் அன்று. கிரெவி வரிக்குதிரையையும் சமவெளி வரிக்குதிரையையும் ஒருங்கே விட்டால் அவை கூடிக் கலப்பினக் குட்டியை ஈனக்கூடும். இன அழிவை எதிர்நோக்கும் கிரெவி வரிக்குதிரையின் இனப்பெருக்கத் திட்டத்திற்கு அது இழப்பாகும்.

எவ்வினங்களைச் சேர்த்து வைக்கலாம் என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் தரப்படும் விடை, ஒரு நிலத்துக்குரிய உயிர்களை ஓரிடத்தில் வைக்கலாம் என்பதாகும். விலங்குகளையும் பறவைகளையும் நிலத்தோடு சேர்த்துக் கருப்பொருளாக வகுத்த தமிழ் மரபில் பயின்றோர்க்கு இவ்விடை இயல்பானதாகவே தோன்றும். இது எந்த அளவிற்குப் போதுமானது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தோற்றமும் உண்மையும்

ஜெர்மனியின் ஆம்பர்க் நகரையடுத்த ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் 1907இல் திறந்த பூங்கா, கம்பிக் கூண்டுகளைத் தவிர்த்தது. முன்னே நீர்ப்பறவைகள், அவற்றின் பின்னே தாவர உண்ணிகள், அவற்றையும் கடந்து சிங்கங்கள் என அனைத்தும் ஒரே நிலக்காட்சியாகத் தெரிந்தன. உண்மையில் அவற்றுக்கிடையே பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படாத அகழிகள் இருந்தன. அங்கு விலங்குகள் சேர்ந்து வாழவில்லை, சேர்ந்திருப்பதாகத் தோன்றின. 1972இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சான் டியாகோ வனவிலங்குப் பூங்காவின் பரந்த வெளிகளிலோ ஒட்டகச்சிவிங்கியும் காண்டாமிருகமும் இரலைகளும் மெய்யாகவே ஒரு நிலத்தைப் பகிர்ந்துகொண்டன. ஹாகன்பெக்கிற்கு எழாத சிக்கல்கள் இவ்வாறு பகிர்தலால் எழுகின்றன.

நோயும் நிலமும்

ஆப்பிரிக்காவின் வில்டபீஸ்ட் ஒருவகை ஹெர்பிஸ் தீநுண்மியைத் தன் உடலில் தாங்கியுள்ளது. அதற்கு இதனால் கேடில்லை. இளங்கன்றுகளின் மூக்கு, கண் நீர் வழியாக இது வெளிப்பட்டு மாடுகளையும் பல மான் இனங்களையும் அடையும்போது கடுங்காய்ச்சல், விழி வெண்மையுறல் முதலிய குறிகளோடு பெரும்பாலும் இறப்பில் முடிகிறது. நோயுற்ற மாட்டிடமிருந்து மற்றொரு மாட்டிற்கு இது தொற்றுவதில்லை. ஆகவே நோயுற்றதைப் பிரித்து வைப்பதால் பயனில்லை. நோயின்றித் திரியும் விலங்கே ஊற்றுக்கண்.

வில்டபீஸ்டுக்கு அருகே மேயும் வரிக்குதிரை இந்நோய்க்கு ஆளாவதில்லை. ஆசியாவின் பான்டெங் மாட்டையோ மானையோ அங்கே கொண்டுவிடுவது இடருடையது. இதுவரை ‘ஒரு நிலத்து உயிர்கள்’ என்னும் கொள்கை சரியாகவே தோன்றும். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்க மசாய் மக்கள், வில்டபீஸ்ட் கன்று ஈனும் பருவத்தில் தம் மாடுகளை அம்மேய்ச்சல் நிலங்களிலிருந்து விலக்கி ஓட்டிச் செல்கின்றனர். நிலம் ஒன்றே, எனினும் அந்நிலத்து மாடு மடிகிறது.

தென் அமெரிக்கக் குரங்குகள் இக்கொள்கையை மேலும் தளர்த்துகின்றன. அணில் குரங்கில் சிறு வாய்ப்புண் அளவில் நின்றுவிடும் ஒரு ஹெர்பிஸ் தீநுண்மி, ஆந்தைக் குரங்கையும் மார்மோசெட்டையும் கொல்ல வல்லது. இவை அனைத்தும் அமேசான் காட்டுக்குரியவை. காட்டில் அணில் குரங்கு பகலிலும் ஆந்தைக் குரங்கு இரவிலும் இயங்குகின்றன. ஒரே கலத்தில் உண்பதில்லை, ஒரே பலகையில் உறங்குவதில்லை. அடைப்பிடம் இவ்விடைவெளியை அழித்துவிடுகிறது. எனவே இனங்கள் ஒரு நிலத்தவையா என்பதினும், அந்நிலத்தில் எவ்வளவு நெருங்கிப் பழகின என்பதே உரிய வினா எனலாம்.

வேலியும் முழுக்காப்பு அன்று. ஜெர்மனியின் வுப்பர்டால் பூங்காவில் 2010இல் ஒரு பனிக்கரடி மூளையழற்சியால் இறந்தது. வரிக்குதிரையிலிருந்து தோன்றிய ஹெர்பிஸ் தீநுண்மியே காரணம் என 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்விரண்டும் ஒரே அடைப்பிடத்தில் வாழ்ந்தவை அல்ல.

விலகிச் செல்லும் வழி

தீவனச் சிக்கலைச் சுருக்கமாகவே சொல்லலாம்: குதிரைக்கு வகுத்த தீவனத்திலுள்ள செம்பின் அளவு செம்மறியாட்டிற்கு நச்சாகக்கூடும். பிறப்புக் காலம் இதனினும் நுட்பமானது. பல இரலைகளின் கன்றுகள் பிறந்த சில நாள்கள் புல்லில் அசைவின்றிக் கிடக்கும். திறந்தவெளியில் பிற விலங்குகள் கடந்துபோய்விடும். அடைப்பிடத்தில் அவை மீண்டும் மீண்டும் அதே இடத்திற்கு வருகின்றன. ஆண் வரிக்குதிரை இத்தகைய கன்றுகளைத் தாக்கிக் கொல்வதுண்டு. ஆகவே ஈனும் தாயை முன்கூட்டியே பிரித்து வைக்க இடம் வேண்டும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பூங்கா இவ்வகையில் நல்ல சான்று. அங்குக் கப்புச்சின் குரங்குகளும் அவற்றினும் சிறிய அணில் குரங்குகளும் வெளிப்புற அடைப்பிடத்தைப் பகிர்கின்றன. அணில் குரங்கின் உள்ளறைக்குச் செல்லும் திறப்புகள் சிறியவை. கப்புச்சின் அவற்றில் நுழைய இயலாது. இவ்விரு இனங்களும் காட்டிலும் கூடித் திரிபவை என்பது குறிப்பிடத்தக்கது. அங்கு நடந்த ஆய்வின்படி, இரண்டும் பெருமளவு ஒன்றோடொன்று கலந்தே இருந்தன. உடல்தொட்ட மோதல் அரிதாகவே நிகழ்ந்தது. விலகிச் செல்லத் தனியறை இருந்தும் அணில் குரங்குகள் சேர்ந்திருப்பதையே தெரிவுசெய்தன என்பதால்தான் இம்முடிவுக்கு மதிப்பு. விலக இடமில்லாத அடைப்பிடத்தில் இதே நெருக்கம் எதனையும் மெய்ப்பிக்காது. அதே அணில் குரங்கோடு மார்மோசெட்டைச் சேர்ப்பதற்கும் இவ்வாய்வைச் சான்றாகக் காட்ட இயலாது.