மழையில் தாண்டிய வீரர்

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரில் 1995ஆம் ஆண்டு பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்தொன்று மோதி, அவருடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. மருத்துவத்திற்குக் கடன்பட்ட தாயார், செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் மக்களை வளர்த்தார்.

உயரந்தாண்டலில் எழும்புவதற்கு ஊன்றுவது ஒரு காலே. ஆயினும், விரைந்து ஓடிவருதற்கு இரு கால்களும் வேண்டுமன்றோ? ஊனம் இடர் செய்வது அவ்விடத்தேதான். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் இவரது ஆற்றலை முதலிற் கண்டார். பின்னர்ப் பெங்களூரில் சத்தியநாராயணா என்பார் பயிற்றினார். 2016இல் இரியோ நகரத்துப் பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார்.

பொன்னினும் வியக்கத்தக்கது, 2021இல் தோக்கியோவில் அவர் பெற்ற வெள்ளி என்பேன். போட்டியின் நடுவே மழை வலுத்தது. ஊனமுற்ற காலின் உறை நனைந்தது, தாவுதல் அரிதாயிற்று. அந்நிலையிலும் 1.86 மீட்டரைத் தாண்டினார். 1.88 மீட்டரில் மும்முறை முயன்றும் கைகூடவில்லை. அமெரிக்கரான சாம் குரூ தம் மூன்றாம் முயற்சியில் அதனைத் தாண்டிப் பொன்னைக் கொண்டார். இடைப்பட்டது ஒரு விரற்கிடையளவே!

2024இல் கோபே நகரில் அதே 1.88 மீட்டரைத் தாண்டி உலகப் பட்டம் வென்றார் மாரியப்பன். அவ்வாண்டே பாரிசில் வெண்கலமும் பெற்றார்.